புதுவைப் பள்ளிகளில் ஆய்வும் மாணாக்கர் நலமும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

பள்ளிகளை அரசு அலுவலர் ஆய்வு செய்யும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. தொடக்கத்தில் ஆய்வாளர் அறிய விரும்பியவை மூன்றே. மாணாக்கன் படிக்கின்றானா, எழுதுகின்றானா, கணக்கிடுகின்றானா என்பனவே அவை. இன்று அவ்வினா விரிந்துள்ளது. மாணாக்கன் அச்சமின்றி இருக்கின்றானா, தன் கருத்தைத் தானே எடுத்துரைக்க வல்லனா, உடன் பயில்வாரோடு ஒத்துப் பழகுகின்றானா, உடலும் உள்ளமும் நலமுற வளர்கின்றானா என்பனவும் ஆய்வுப் படிவத்தில் இடம்பெற்றுவிட்டன. 2015 இல் தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிருவாகப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘சாலா சித்தி’ என்னும் பள்ளி மதிப்பீட்டு நெறி ஏழு களங்களையும் 46 அடிப்படைக் கூறுகளையும் உடையது. மாணாக்கரின் தனிப்பட்ட வளர்ச்சியும் சமூக வளர்ச்சியும் அவற்றுள் ஒரு கூறு. உளவியற் பாதுகாப்பு என்பது மற்றொரு கூறு.

இத்தகைய படிவம் கைக்கு வந்தவுடன் பள்ளிகளில் எழும் வினா, இவ்வாய்வுக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதேயாகும். வாய்பாட்டை ஒப்புவிக்க ஒரு மாணாக்கனைப் பயிற்றி நிறுத்தலாம். மனநிறைவோடு இருக்க அவனைப் பயிற்றி நிறுத்துதல் கூடுமோ? கூடாது என்று உணர்ந்தும், ஆய்வு நாளுக்கென ஒத்திகை பார்க்கும் வழக்கம் நம் பள்ளிகளை விட்டு நீங்கவில்லை.

இவ்வினாவுக்கு விடை காணப் புதுவை வட்டாரத்தின் கல்வி வரலாறு பெரிதும் துணைபுரியும். பல்லவர் சோழர் காலக் கல்விச்சாலை, திண்ணைப் பள்ளி, பிரெஞ்சு ஆட்சிப் பள்ளி, அரவிந்தர் ஆசிரமப் பள்ளி, இந்திய ஒன்றியப் பள்ளி என ஐவகைப் பள்ளிகளையும் இச்சிறு நிலப்பரப்பு கண்டுள்ளது. அவ்வக் காலத்துப் பார்வை கல்வியைப் பெறுவோனை நோக்கிற்றா, கல்விக்கு வேண்டுவன கொடுப்போரை நோக்கிற்றா என்னும் ஒரு வினாவைக் கைக்கொண்டு இவ்வரலாற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கல்வெட்டுகள் காட்டும் கல்விச்சாலை

புதுவை நகரின் தென்மேற்கே அமைந்த வாகூரில் பழங்காலத்தே ஒரு வித்தியாத்தானம் விளங்கிற்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டமையை வாகூர்ச் செப்பேடு கூறும். நகரின் மேற்கே உள்ள திருபுவனையில், முதலாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு (1048) ஒரு கல்லூரியைக் குறிக்கின்றது. அங்கே 260 மாணாக்கர் பயின்றனர், ஆசிரியர் பன்னிருவர். கற்பாரும் கற்பிப்பாரும் ஊர் வாரியப் பணிகளினின்றும் விலக்குப் பெற்றிருந்தனர். படிப்புக்குத் தடையாகும் சுமையை முன்னரே நீக்கி வைத்த இவ்வேற்பாடு ஈண்டுக் கருதத்தக்கது. புதுவைக்கு அணித்தாய விழுப்புரப் பகுதியிலுள்ள எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தே 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் இருந்தனர். மாணாக்கர்க்கு நாள்தோறும் அளக்கவேண்டிய நெல் அவரவர் படிநிலைக்கேற்பக் குறிக்கப்பட்டது.

இவ்வகையில் மிக விரிவான செய்தி தருவது செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள திருமுக்கூடல் கல்வெட்டாகும். வீரராசேந்திரன் காலத்ததாகிய அது (1067 அளவில்) பாடங்களைச் சொல்வதோடு நில்லாது, விடுதி மாணாக்கர்க்கு உணவு, படுக்கப் பாய், விளக்கெண்ணெய், சனிக்கிழமைகளில் நீராட எண்ணெய் ஆகியவற்றுக்கும் பொருள் ஒதுக்குகின்றது. அதனோடு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றும், அதற்கு மருத்துவர், அறுவைப் பணி செய்வார், மருந்து கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோரும் குறிக்கப்பட்டுள்ளனர். மாணாக்கர் நலம் என்று நாம் இன்று வழங்கும் பொருளை அக்காலத்தார் எண்ணெயாகவும் பாயாகவும் நெல்லாகவும் எண்ணிக் கல்லில் பொறித்தனர்.

இத்தகைய அறங்கள் பெரும்பாலும் கோயில் வழியும் ஊர்ச்சபை வழியும் நடந்தன. அவற்றைக் ‘கண்காணி’ செய்வாரும் ‘ஸ்ரீகாரியம்’ ஆராய்வாரும் இருந்தமையைச் சோழர் கல்வெட்டுகளால் அறிகின்றோம். அவர்கள் ஆராய்ந்தது நிவந்தம் குறித்தவாறு செலவாயிற்றா என்பதை. அவ்வாராய்ச்சியில் மாணாக்கன் நிறுத்தி வினவப்படவில்லை. அவனுக்குரியதைக் கொடுக்கக் கடமைப்பட்டவரே விடை சொல்லவேண்டியவராயினர். எனினும், இக்கல்விச்சாலைகள் வேதம் பயிலும் ஒரு வகுப்பார்க்கே உரியனவாய் இருந்தன என்பதை மறைத்தல் வரலாற்று நேர்மையாகாது. உள்ளே இருந்தவர்க்கு எண்ணெயும் பாயும் கிடைத்தன. ஊரில் பலர்க்கு அதன் வாயிலே திறக்கவில்லை.

3. நன்னூலார் வகுத்த நெறி

பள்ளியில் நிகழும் கல்வியைப் பற்றித் தமிழில் எழுந்த முறையான சிந்தனைக்குப் பவணந்தி முனிவரின் நன்னூற் பொதுப்பாயிரம் சிறந்த சான்றாகும். நூல், ஆசிரியன், கற்பிக்கும் முறை, மாணாக்கன், கற்கும் முறை என ஐந்தாகப் பொருளை வகுத்துக்கொண்டு, மாணாக்கரை ஆராயுமுன் ஆசிரியரை ஆராய்கின்றார் அவர். நிலமும் மலையும் துலாக்கோலும் மலரும் நல்லாசிரியர்க்கு உவமையாயின. கழற்காய் பெய்த குடமும் மடற்பனையும் பஞ்சு அடைத்த குண்டிகையும் முடத்தெங்கும் ஆசிரியராகத் தகாதார்க்கு உவமையாயின. மாணாக்கர்க்கும் அன்னம் முதல் நெய்யரி ஈறாக உவமைகள் கூறினார். தரம் பிரிக்கும் கோல் இருவர்க்கும் பொதுவாக வைக்கப்பட்டமை போற்றத்தக்கது.

இன்றைய ஆய்வுமுறைக்கு மிகவும் பயன்படுவது அவர் கூறிய மற்றொரு கணக்காகும். ஆசிரியன் உரைத்ததை மாணாக்கன் குறைவறக் கொண்டானாயினும் அது கல்வியில் காற்பங்கே ஆகும். உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது மற்றொரு காற்பங்கு. தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு நிறையும். இக்கணக்கின்படி, ஆசிரியர் பாடம் நடத்தும் வகுப்பறையில் மட்டும் அரைமணி நேரம் அமர்ந்து எழும் ஆய்வாளர் கல்வியின் காற்பங்கையே கண்டவராகின்றார். முக்காற்பங்கு விளையாட்டிடத்திலும் மரத்தடியிலும் வீட்டுக்குச் செல்லும் வழியிலும் நிகழ்கின்றது. ஆளுமை வளர்ச்சி என்பதும் அம்முக்காற்பங்கினுள் அடங்கும்.

நன்னூலார் நெறியில் இக்காலத்தார் ஏற்கவியலாத பகுதியும் உண்டு. நூல் சொல்லத் தகாதவர் என அவர் விலக்கியோர் பட்டியலில் கள்வனோடும் சினத்தனோடும் பிணியாளனும் மந்தனும் இடம்பெற்றுள்ளனர். ஒரு மடத்தில் ஓராசிரியரை அடுத்துச் சிலர் பயின்ற காலத்தின் விதி அது. எல்லாச் சிறுவர்க்கும் கல்வி உரிமையாகிவிட்ட இந்நாளில், நோயுற்றவனும் மெல்லக் கற்பவனுமே பள்ளியின் முதற்பொறுப்பாகின்றனர். இம்மாற்றத்தை உளங்கொள்ளாத ஆய்வு பழைய விலக்குப் பட்டியலைப் புதிய முறையில் தொடர்வதாகவே முடியும்.

4. திண்ணைப் பள்ளி

வாகூருக்கும் திருபுவனைக்கும் பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஊர்தோறும் பரவி நின்றவை திண்ணைப் பள்ளிகள். அவற்றின் நடைமுறையை டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் விளங்க எழுதியுள்ளார். அங்கே அரசு ஆய்வாளர் எவரும் இலர். சட்டாம்பிள்ளை இருந்தான், மணலெழுத்தும் ஓலையும் இருந்தன, முறை சொல்லலும் பிரம்பும் இருந்தன. பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இம்முறையைச் சென்னையில் கண்டறிந்த ஆந்திரு பெல் என்பார், எழும்பூர்ச் சிறுவர் இல்லத்தில் அதனைக் கையாண்டு 1797 இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். நன்னூலார் கூறிய அரைப்பங்கின் பயனை மேலைநாட்டார் அறிந்துகொண்ட வரலாறு இது.

திண்ணைப் பள்ளிக்கு ஊரே ஆய்வாளராய் நின்றது. நவராத்திரி நாள்களில் பிள்ளைகள் வீடுதோறும் சென்று பாடியும் கோலடித்தும் ஆசிரியர்க்குப் பொருள் பெற்றுவருவர். பெற்றோர் தம் பிள்ளையின் குரலையும் கூச்சம் தெளிந்தமையையும் தம் வாயிலிலேயே கண்டனர். இதனைப் பொற்காலம் என்று புகழ்வது பொருந்தாது. கட்டி வைத்தலும் தொங்கவிடுதலுமாகிய கொடுந்தண்டனைகள் அப்பள்ளிகளில் வழங்கின. ஊர் அவற்றைக் கண்டும் தவறெனக் கொள்ளவில்லை. மாணாக்கன் நெட்டுரு நன்றாயின் ஆசிரியர் நல்லவர் என்னும் ஒரே அளவுகோலை ஊரார் வைத்திருந்தனர். பார்வை அருகிலிருந்தது, ஆயினும் பிள்ளையின் அச்சத்தை அப்பார்வை பொருட்படுத்தவில்லை.

5. பிரெஞ்சு ஆட்சியில்

புதுவையில் அரசுசார் கல்வி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருப்பெற்றது. ஆளுநர் தெபாசேன் தெ ரிச்மோன் காலத்தே 1826 இல் அரச கல்லூரி தொடங்கப்பட்டது. 1827 இல் பொது நூலகம் எழுந்தது. அதே ஆண்டில் குளூனி புனித சூசையப்பர் கன்னியர் இங்கு வந்து பெண்கல்வியில் ஈடுபட்டனர். அரச கல்லூரி முதற்கண் ஐரோப்பிய மரபினர்க்கென அமைந்தது. இந்தியச் சிறுவர்க்கு வாய்ப்பு விரிய நெடுநாள் ஆயிற்று. கலவை சுப்பராயச் செட்டியார் தம் பொருளால் நிறுவிய கல்லூரி இவ்விரிவில் ஒரு பெரும் படியாகும். அது பிற்காலத்தே வ. உ. சி. பெயரைத் தாங்கிய அரசுப் பள்ளியாயிற்று.

புதுவைக் கல்வித் துறை பிரான்சு நாட்டு முறையை முன்மாதிரியாகக் கொண்டது. ஆதலின் அந்நாட்டுச் சட்டங்களின் போக்கை ஈண்டு அறிதல் வேண்டும். 1882 மார்ச்சு 28 ஆம் நாள் சட்டம் பாடத்திட்டத்தில் சமயப் போதனைக்குப் பதிலாக ஒழுக்கக் கல்வியையும் குடிமைக் கல்வியையும் முதலிடத்தில் வைத்தது, உடற்பயிற்சியையும் சேர்த்தது. ஒழுக்கம் ஒரு பாடமானால் அதனை எவ்வாறு சோதிப்பது என்னும் வினா எழுமன்றோ? கல்வி அமைச்சர் சூல் பெரி 1883 நவம்பர் 17 இல் ஆசிரியர்கட்கு எழுதிய மடலில் இதற்கு ஒரு விடை பொதிந்துள்ளது. பிள்ளைகள் வீடு திரும்பும்போது நல்ல பழக்கமும் மென்மையான நடையும் உழைப்பில் விருப்பமும் உடையராயிருப்பதைப் பெற்றோர் காணின், இக்கல்வியின் வெற்றி தானே விளங்கும் என்பது அவர் கருத்து. ஒழுக்கக் கல்விக்குரிய சான்றை அவர் வீட்டில் வைத்தார். கரும்பலகை முன் நின்று ஒப்புவித்தலில் வைக்கவில்லை.

1886 அக்டோபர் 30 ஆம் நாள் சட்டம் இதனினும் கூர்மையானது. பள்ளிகளைப் பார்வையிடும் உரிமையுடையார் வரிசையில் அது மருத்துவ ஆய்வாளரையும் சேர்த்தது. தனியார் பள்ளிகளைப் பொறுத்தவரை, அரசின் ஆய்வு ஒழுக்கம், தூய்மை, உடல்நலத்துக்கேற்ற சூழல் ஆகியவற்றைப் பற்றியதாகவே அமையவேண்டும் என்றும், கற்பிப்பது நல்லொழுக்கத்துக்கோ அரசமைப்புக்கோ சட்டத்துக்கோ மாறாகாமை காணுமளவுக்கே பாடத்தில் தலையிடலாம் என்றும் வரையறுத்தது. பாடத்தை விட்டு நலத்தை மட்டும் ஆராயும் ஆய்வு புதிய கருத்தென்று கருதுவார்க்கு இச்சட்டம் தக்க மறுமொழியாகும்.

நடைமுறையில் புதுவை மாணாக்கரையும் பெற்றோரையும் ஆட்கொண்டது தேர்வேயாகும். ‘செர்த்திபிகா’, ‘பிரெவே’ என்னும் சொற்கள் முதியோர் பேச்சில் தமிழ்ச் சொற்களாகவே வழங்கின. அலுவலுக்கு அவையே வாயில். ஆயினும் அக்காலத்துக் கல்வியை அவற்றால் மட்டும் அளத்தல் தகாது. 1930 இல் பிரெஞ்சு நிருவாகம் புதுவைப் பள்ளிகளில் நண்பகலுணவு வழங்கத் தொடங்கியது. சென்னை மாநகராட்சி 1920 இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய முயற்சிக்குப் பத்தாண்டுகளின் பின் நிகழ்ந்தது இது. திருமுக்கூடற் கல்வெட்டில் கண்ட நெல்லளவு, சாதி வரம்பு கடந்து பொதுப்பள்ளிக்கு வந்த நிகழ்ச்சி என்று இதனைக் கொள்ளலாம்.

பாவேந்தர் பாரதிதாசன் இவ்வாட்சியின்கீழ்ப் பணிபுரிந்த தமிழாசிரியர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1909 இல் காரைக்காலைச் சார்ந்த நிரவியில் பணியேற்று, 37 ஆண்டுகள் பல ஊர்ப் பள்ளிகளில் கற்பித்து 1946 இல் ஓய்வு பெற்றார். சிறுவர்க்கென அவர் பாடியவை ‘இளைஞர் இலக்கியம்’ என நூல்வடிவு பெற்றன. நெடுங்காலம் வகுப்பறையில் சிறுவரைக் கண்ட ஒருவரின் அறிவு ஆய்வுக் குறிப்பேட்டில் அடங்காது என்பதற்கு அந்நூல் ஒரு சான்று.

6. விளைவு மானியமும் அதன் விளைவும்

புதுவைப் பகுதிகளைச் சூழ்ந்து கிடந்தது ஆங்கிலேயரின் சென்னை மாகாணம். புதுவை எல்லையைக் கடந்தால் தென்னார்க்காட்டு ஊர். இரு ஆட்சியிலும் வாழ்ந்தவர் ஒரே மொழியினர், பள்ளியாய்வோ வேறுபட்டது. 1854 ஆம் ஆண்டுக் கல்வி மடலின் பயனாகச் சென்னையில் 1855 இல் கல்வித்துறை அமைந்தது. ஆய்வாளர் பதவிகள் ஏற்பட்டன. 1860களில் மானியத்தைத் தேர்வு விளைவோடு பிணைக்கும் முறை இங்கும் புகுந்தது.

இம்முறையின் பிறப்பிடம் இங்கிலாந்து. அங்கே 1862 ஆம் ஆண்டின் திருத்த விதிப்படி, ஒரு பிள்ளையின் வருகைக்காக 4 சில்லிங்கும், தேர்வுக்காக 8 சில்லிங்கும் பள்ளி பெறும். படிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றில் எதில் தவறினும் 2 சில்லிங் 8 பென்சு குறையும். பிள்ளையின் நா பிறழ்ந்தால் ஆசிரியரின் ஊதியம் குறையும் என்பது இதன் பொருள். கவிஞரும் திறனாய்வாளருமான மாத்யூ ஆர்னால்டு 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளராய்ப் பணிபுரிந்தவர். இம்முறையால் பிள்ளைகள் குறித்த ஒரு புத்தகத்தை நெட்டுருச் செய்து படிப்பதுபோல் ஒப்புவித்துத் தேறுவதையும், பள்ளி வாழ்வு உயிரற்றதாய்ப் போவதையும் தம் அறிக்கைகளில் அவர் தொடர்ந்து எடுத்துக்காட்டினார். மானியம் இழக்க அஞ்சி நோயுற்ற பிள்ளைகளையும் தேர்வு நாளில் பள்ளிக்கு அழைத்து வந்தனர். இங்கிலாந்து 1890களில் இம்முறையைக் கைவிட்டது. இந்திய அரசின் 1904 ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானமும் இதனை மறுத்தது. முதன்மை ஆய்வாளராயிருந்து ஓய்வு பெற்ற எட்மண்டு ஓம்சு 1911 இல் எழுதிய நூலில், அம்முறை நீங்கிய பின்னும் அது ஊட்டிய இயந்திரப் பழக்கம் ஆசிரியரை விட்டு நீங்கவில்லை என வருந்தினார்.

அவ்வருத்தம் நம் நாட்டுக்கும் பொருந்தும். மானியம் போயிற்று, ஒத்திகை நின்றது. இக்கட்டுரையாளர் பயின்ற பள்ளி ஒன்றில், ஆய்வு நாளன்று மெல்லக் கற்கும் மாணாக்கர் சிலரை வரவேண்டா எனச் சொல்லி அனுப்பிய நிகழ்ச்சி இன்றும் நினைவில் உள்ளது. அவர்கள் விடுமுறை கிடைத்தது என்று மகிழ்ந்தே சென்றனர். தாம் மறைக்கப்பட்டதை அவர்கள் அறிந்தனரா என்பது பின்னரே எம் நெஞ்சில் எழுந்த வினா. இங்கிலாந்தில் நோயுற்ற பிள்ளை அழைத்துவரப்பட்டான். இங்கே மெல்லக் கற்கும் பிள்ளை அனுப்பப்பட்டான். செயல் மாறுபட்டதெனினும் காரணம் ஒன்றே. இரண்டிடத்தும் ஆய்வு பிள்ளையை நோக்கிற்று. ஆதலின் பள்ளி பிள்ளையைக் கொண்டு தன்னைக் காத்துக்கொண்டது.

7. தேர்வற்ற பள்ளி ஒன்று

இதற்கு நேர்மாறான முயற்சி ஒன்று புதுவை நகரிலேயே எழுந்தது. அரவிந்தர் 1910 ஏப்ரலில் புதுவைக்கு வந்தார். அவ்வாண்டிலேயே ‘கர்மயோகின்’ இதழில் தேசியக் கல்வி பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் வெளிவந்தன. ஆசிரியர் வழிகாட்டியாதல் வேண்டும், பிள்ளையின் வளர்ச்சியில் அதன் மனத்தையே கலந்துகொள்ளுதல் வேண்டும் என்பன அவற்றின் அடிப்படைகள். 1943 டிசம்பர் 2 இல் அன்னை ஆசிரமப் பள்ளியைத் தொடங்கினார். 1952 இல் பல்கலைக்கழக மையமாக விரிந்த அது, 1959 இல் பன்னாட்டுக் கல்வி மையம் எனப் பெயர் பெற்றது. உடல், உயிர்ப்பு, மனம், உள்ளுயிர், ஆன்மா என ஐந்து வகைக் கல்வியை அன்னை 1950களின் தொடக்கத்தில் தம் கட்டுரைகளில் விளக்கினார். அம்மையம் பட்டம் வழங்குவதில்லை. மாணாக்கரின் வளர்ச்சியை ஆசிரியர் நாடோறும் கண்டு அறிவதே அங்கு அளவுகோல்.

இம்முறை எல்லாப் பள்ளிக்கும் ஏற்றதென்று யாம் கூறவில்லை. சிறு தொகையினரான மாணாக்கரும், அவர்களோடே வாழும் ஆசிரியரும், சான்றிதழை எதிர்பாராத பெற்றோரும் அங்கே வாய்த்தனர். அலுவலை நம்பி நிற்கும் எளிய குடும்பத்துப் பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டும். எனினும் ஓர் உண்மையை அப்பள்ளி மெய்ப்பித்தது. ஆளுமை வளர்ச்சியை அறிய விரும்புவோன் பிள்ளையோடு நெடுங்காலம் பழகுதல் வேண்டும் என்பதே அது. பாரதியாரும் ‘தேசியக் கல்வி’ பற்றிய தம் கட்டுரையில் எழுத்து, படிப்பு, கணக்கோடு கைத்தொழில், உடற்பயிற்சி, யாத்திரை ஆகியவற்றையும் பாடமாக வகுத்தார். யாத்திரையில் பிள்ளை எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதை உடன் செல்பவரே அறிவர்.

8. விடுதலைக்குப் பின்

1954 நவம்பர் 1 இல் புதுவை இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது. 1962 ஆகஸ்டு 16 இல் சட்டப்படி இணைந்தது. இதற்குச் சற்று முன்னர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் இடைநிலைக் கல்விக் குழு (1952–53) அமைந்தது. பள்ளியின் இடர்களை அறிந்து, அதன் பணிகளை முழுமையாக நோக்கி, ஆசிரியர்க்குத் துணைநிற்பவரே ஆய்வாளர் என்று அக்குழு கூறிற்று. தலைமையாசிரியர் முதலானோரையும் உடன்கொண்டு ஆய்வாளர் பள்ளிகளைப் பார்வையிடவேண்டும் என்றும், ஒவ்வொரு மாணாக்கனுக்கும் தொடர் பதிவேடு வைக்கவேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. ஒருநாட் காட்சிக்கு மாற்றாக நெடுநாட் பதிவை அக்குழு முன்வைத்தது.

2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் (2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை) இதனை உரிமையாக்கிற்று. அதன் 17 ஆம் பிரிவு உடற்றண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடுக்கின்றது. 29 ஆம் பிரிவு பிள்ளையின் அனைத்து வளர்ச்சியையும், அச்சமும் பதற்றமும் அற்ற நிலையையும், தன் கருத்தைத் தடையின்றிச் சொல்லும் உரிமையையும் பாடத்திட்டத்தின் கடமையாக வைக்கின்றது. திண்ணைப் பள்ளியில் ஊரார் பொருட்படுத்தாத அச்சம் இங்கே சட்டத்தின் சொல்லாயிற்று. இச்சொற்கள் யாவும் பள்ளியையும் அரசையுமே கட்டுப்படுத்துவன. ‘சாலா சித்தி’யும் மதிப்பிடுவது பள்ளியையே, பள்ளி முதலில் தன்னைத் தானே மதிப்பிட்டுப் பின் வெளியார் மதிப்பீட்டை ஏற்கின்றது. கொடுப்போரை ஆராயும் பழைய நெறிக்கு இவ்வாறு நாம் மீண்டும் வந்துள்ளோம். 2023–24 முதல் புதுவை அரசுப் பள்ளிகள் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறியுள்ளமையால் புதிய படிவங்களும் புதிய ஆய்வுகளும் ஆசிரியரை நெருங்கியுள்ளன.

நெறி சரியாயினும் நடைமுறை பிழைபடலாம் என்பதற்கு இங்கிலாந்தே மீண்டும் சான்று தருகின்றது. அங்கே 1992 இல் அமைந்த ஆய்வு அலுவலகம், மாணாக்கரின் தனிப்பட்ட வளர்ச்சியையும் தன் ஆய்வுப் பொருளாகக் கொண்டது. பள்ளி முழுமைக்கும் ஒரே சொல்லில் தரம் கூறுவது அதன் வழக்கம். 2023 சனவரியில் தலைமையாசிரியை ஒருவர் உயிர் மாய்த்துக்கொண்டார். ஆய்வும் அதற்கு ஒரு காரணமாயிற்று என்று இறப்பு விசாரணை அவ்வாண்டு இறுதியில் முடிவு கூறிற்று. 2024 செப்டம்பரில் ஒரே சொல் தரமுறை நீக்கப்பட்டது. 2025 நவம்பரில் வந்த புதிய அறிக்கை முறையில் ‘தனிப்பட்ட வளர்ச்சியும் நலமும்’ என்பது தனித்தலைப்பாயிற்று. நலத்தை ஆராயும் ஆய்வு, ஆராயப்படுவோரின் நலத்தைக் கெடுக்குமாயின் அதன் பயன் யாது?

9. ஆயத்தம் என்பது யாது?

மேற்கண்ட வரலாற்றினின்று ஆயத்தம் பற்றிச் சில முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, ஆயத்தமாகவேண்டுவது பள்ளியே அன்றிப் பிள்ளை அன்று. குடிநீர் உண்டா, கழிப்பிடம் தூயதா, பெண்பிள்ளைகள் அதனை அச்சமின்றிப் பயன்படுத்துகின்றனரா, உணவு நேரத்தில் வருகின்றதா, விளையாட இடமும் பொழுதும் உண்டா, துன்புற்ற பிள்ளை சென்று சொல்ல ஒருவர் உளரா என்பனவற்றைத் திருமுக்கூடற் கல்வெட்டின் தெளிவோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, பதிவேடு ஆய்வுக்கு முந்தின வாரத்தில் எழுதப்படுவதாயின் அது பதிவேடன்று. மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஆசிரியர் கண்டதை இரண்டு வரியில் எழுதினாற் போதும். பேசாதிருந்தவன் பேசினான், நண்பனை இழந்து தனித்திருக்கின்றான், தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கின்றான் என்பன போன்ற குறிப்புகளே ஆளுமை வளர்ச்சிக்குச் சான்றாவன. பிள்ளையின் குடும்பத் துன்பங்கள் அதில் வருமாயின் அவற்றைக் காத்தலும் ஆசிரியர் கடமை.

மூன்றாவது, எந்தப் பிள்ளையையும் மறைத்தல் கூடாது. மெல்லக் கற்பவனும் அடிக்கடி வாராதவனும் ஆய்வு நாளில் தம் இடத்தில் இருத்தல் வேண்டும். ஆய்வாளரும் முதற்கண் அவர்களையே தேடிச் செல்லல் வேண்டும்.

நான்காவது, நன்னூலார் கூறிய முக்காற்பங்கை ஆய்வாளர் காணுதல் வேண்டும். ஆய்வாளர் உணவு வேளையிலும் விளையாட்டிலும் நின்று நோக்கட்டும், பெற்றோரை வினவட்டும். சூல் பெரியின் மடல் பெற்றோரையே இறுதிச் சான்றாளராகக் கருதியமை மறக்கற்பாலதன்று.

10. முடிவுரை

ஓராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இவ்வட்டாரக் கல்வி வரலாற்றில், கொடுப்போரை ஆராய்ந்த இடத்துப் பிள்ளைகட்கு உணவும் எண்ணெயும் கிடைத்தன. பெறுவோனை மட்டும் ஆராய்ந்த இடத்து நெட்டுருவும் ஒத்திகையும் வளர்ந்தன. பழையவற்றின் குறையும் நம் கண்முன் உள்ளது. வாகூரும் திருபுவனையும் சிலர்க்கே கொடுத்தன. நன்னூல் பிணியாளனையும் மந்தனையும் விலக்கிற்று. திண்ணைப் பள்ளி பிள்ளையின் அச்சத்தைக் கணக்கிற் கொள்ளவில்லை. இம்மூன்று குறையும் நீங்க, கொடுத்தலை எல்லார்க்கும் விரித்து, அதனை நாள்தோறும் ஆராய்வதே இன்று நாம் மேற்கொள்ளத்தக்க நெறி. அந்நெறியில் நிற்கும் பள்ளிக்கு ஆய்வு நாள் மற்றொரு நாளாகவே அமையும். வரவேண்டா என்று சொல்லி அன்று எந்தப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பவேண்டிய நிலை அங்கு எழாது.